அக்கி வந்தவருக்கு நுரையீரல் ரத்த அழுத்தம்: ஹெர்பிஸ் வைரஸைத் தேட வேண்டுமா?

கேள்வி: என் அக்காவுக்கு வயது 36. இரண்டு குழந்தைகள். ஆறு மாதமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஒருநாள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்துவிட்டார். எக்கோ எடுத்ததில் நுரையீரல் தமனியில் அழுத்தம் 78, இதயத்தின் வலப்பக்கம் பெருத்திருக்கிறது என்றார்கள். 'காரணம் தெரியாத வகை' நுரையீரல் உயர் ரத்த அழுத்தம் என்று எழுதி, சில்டெனாஃபில் 20 மில்லிகிராம் மூன்று வேளையும் ஒரு நீர் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். வேறு பெரிய பரிசோதனை எதுவும் செய்யவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு இடுப்பில் அக்கி வந்தது. ஹெர்பிஸ் வைரஸ்தான் இந்த நோய்க்குக் காரணம் என்று அமெரிக்காவில் கண்டுபிடித்ததாகப் படித்தேன். லேபில் டார்ச் டெஸ்ட் எடுத்தோம்; ஹெர்பிஸ் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ். வலசைக்ளோவிர் ஆறு மாதம் கொடுத்தால் வைரஸ் போய்விடும், அழுத்தமும் இறங்கும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். கொடுக்கலாமா? ஹெர்பிஸ் 8 பரிசோதனை செய்ய வேண்டுமா? குழந்தைகளுக்கும் எனக்கும் தொற்றுமா?

பதில்: வலசைக்ளோவிரைத் தொடங்காதீர்கள். ஏற்கெனவே தொடங்கியிருந்தால் அக்காவைப் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லி நிறுத்துங்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது வேறொன்று. மயங்கி விழுந்த 36 வயதுப் பெண்ணுக்குப் பரிசோதனை எக்கோவோடு நின்றுவிட்டது. 'காரணம் தெரியாத வகை' என்பது, தெரிந்த காரணங்கள் அத்தனையையும் தேடிப் பார்த்து, ஒன்றும் அகப்படாத பிறகு கடைசியாக எழுத வேண்டிய பெயர். அந்தத் தேடல் உங்கள் அக்காவுக்கு இன்னும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன். நீங்கள் கேட்ட வைரஸ் விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம். அதைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் பணத்தையும் நாளையும் எங்கே செலவிடுவது என்று தெரியும்.

ஹெர்பிஸ் என்பது ஒரு பெரிய வைரஸ் குடும்பத்தின் பெயர். மனிதரைத் தொற்றுபவற்றுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். உதட்டோரம் கொப்புளம் வரவைப்பது 1. பிறப்புறுப்பில் பெரும்பாலும் 2. சின்னம்மையைக் கொடுத்துவிட்டு நரம்பு முடிச்சில் ஒளிந்துகொண்டு, பல வருடம் கழித்து அக்கியாக வெளிப்படுவது 3. நீங்கள் படித்த ஆய்வு இவை எதையும் பற்றியது இல்லை. அது 8-ஆம் எண், கபோசி சர்கோமா என்ற புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ். அக்கி வந்ததற்கும் ஹெர்பிஸ் 8 உடலில் இருப்பதற்கும் தொடர்பு கிடையாது.

டார்ச் பரிசோதனை கர்ப்பிணிகளுக்காக வகுக்கப்பட்டது. டாக்ஸோபிளாஸ்மா, ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்பிஸ் 1, 2 ஆகியவற்றுக்கு எதிரான ஆன்டிபாடிகளை அது பார்க்கும். 8-ஐப் பார்க்காது. அதில் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றால் வாழ்க்கையில் எப்போதோ அந்த வைரஸ் உடலுக்குள் வந்திருக்கிறது என்று மட்டும் பொருள். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஹெர்பிஸ் 1 இருக்கிறது. அவர்களில் யாரைச் சோதித்தாலும் இதே முடிவு வரும். அந்தத் தாளைக் கோப்பில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

இனி அமெரிக்க ஆய்வு. அது விளையாட்டான ஆய்வு அல்ல. நன்கு யோசித்துச் செய்யப்பட்டது. காரணம் தெரியாத நுரையீரல் ரத்த அழுத்தத்தில், சிறு தமனிகளின் உட்சுவர்ச் செல்கள் தாறுமாறாகப் பெருகிச் சுருள்சுருளான முடிச்சுகளாகக் குழாயை அடைத்துக்கொள்ளும். 1998-இல் டென்வரில் இருந்த கொலராடோ பல்கலைக்கழகக் குழு, அந்த முடிச்சுகளில் உள்ள செல்கள் ஒரே தாய்ச் செல்லிலிருந்து பெருகியவை என்று காட்டியது. ஒரே செல்லின் வாரிசுகள் கட்டுப்பாடின்றிப் பெருகுவது புற்றுநோயின் குணம். அப்படியானால் எது தூண்டுகிறது என்ற கேள்வி எழுந்தது. அந்த நேரத்தில், ஹெர்பிஸ் 8 உண்டாக்கும் காசில்மன் நோயும் (நெறி கட்டிக் காய்ச்சல் வரும் நோய்) நுரையீரல் ரத்த அழுத்தமும் ஒருசேர இருந்த ஒரு நோயாளி அவர்களிடம் வந்தார். கபோசி சர்கோமாவும் ரத்தக்குழாய் உட்சுவர்ச் செல்களில் வருவதுதான். நுண்ணோக்கியில் இரண்டும் ஓரளவு ஒத்திருக்கும். சந்தேகம் நியாயமானது.

2003-இல் முடிவு வந்தது. இப்படிப்பட்ட 16 நோயாளிகளின் நுரையீரல் திசுவில் 10 பேருடையதில் ஹெர்பிஸ் 8-இன் தடயம் இருந்தது, அதாவது நூற்றுக்கு 62. வேறு காரணங்களால் அழுத்தம் கூடியவர்களின் திசுவில் அது ஏறக்குறைய இல்லை. அமெரிக்காவில் சாதாரண ரத்ததானம் செய்வோரிடம் இந்த வைரஸ் ஒற்றை இலக்கச் சதவீதத்தில்தான் காணப்படுகிறது. அந்தப் பின்னணியில் 62 என்பது மலைக்க வைக்கும் எண். நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்ததால் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. நீங்கள் படித்தது இந்தக் கட்டத்தோடு முடிந்துவிட்டிருக்க வேண்டும்.

அடுத்த சில ஆண்டுகளில் மற்ற ஆய்வகங்கள் அதே கேள்வியைத் தங்கள் நோயாளிகளிடம் கேட்டன. ஜெர்மனியின் ஹனோவர், ஜப்பான், இஸ்ரேல், பிரான்ஸ் என்று ஒவ்வோர் இடத்திலும் ரத்தத்திலோ நுரையீரல் திசுவிலோ தேடினார்கள். டென்வர் கண்ட தொடர்பு எங்கும் கிடைக்கவில்லை. 2011-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு, கடுமையாக நோயுற்றவர்களின் நுரையீரல் திசுவையே எடுத்து, ஹெர்பிஸ் 8-ஐயும் அதன் உறவான எப்ஸ்டீன்-பார் வைரஸையும் சேர்த்துத் தேடியது. இரண்டும் இல்லை. இன்று நுரையீரல் ரத்த அழுத்தத்தின் அதிகாரபூர்வ வகைப்பாட்டில் எச்.ஐ.வி. இருக்கிறது, கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் சிரையில் ஏறும் அழுத்தம் இருக்கிறது, ஷிஸ்டோசோமா ஒட்டுண்ணி இருக்கிறது. ஹெர்பிஸ் 8 இல்லை.

ஒரே வகைத் திசுவில் ஒரு குழு பார்த்ததை இன்னொரு குழு ஏன் பார்க்கவில்லை? இது பொதுவாகப் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம். நாளை வேறொரு வைரஸைப் பற்றி இதே மாதிரிச் செய்தி வரும்.

வைரஸைத் தேட மூன்று வழிகள் உண்டு. முதலாவது ரத்தத்தில் ஆன்டிபாடி. ஹெர்பிஸ் 8-க்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே அளவுகோல் பரிசோதனை கிடையாது. வைரஸ் உறங்கும்போது சுரக்கும் புரதத்துக்கு எதிரானது ஒன்று, விழித்துப் பெருகும்போது வரும் புரதத்துக்கு எதிரானது இன்னொன்று. ஒரே ரத்தத்தை இரண்டிலும் போட்டால் விடை மாறி வருவதுண்டு. சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிநீரைக் குறைவாக நீர்த்துப் பார்த்தால் சம்பந்தமில்லாத ஆன்டிபாடிகளும் ஒட்டிக்கொண்டு, பாசிட்டிவ் எண்ணிக்கை பொய்யாக ஏறும்.

இரண்டாவது, திசுவை மெல்லிய சீவலாக வெட்டி, வைரஸ் புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்ப்பது. ஹெர்பிஸ் 8 உறங்கும்போது லானா என்ற புரதத்தைக் கொண்டு தன் மரபணுவை நமது குரோமோசோமோடு கட்டிவைத்துக்கொள்கிறது. ஆகவே உண்மையான சாயம் செல்லின் கருவுக்குள் பொட்டுப் பொட்டாகத் தெரிய வேண்டும். கருவுக்கு வெளியே பழுப்பாகப் படர்ந்திருந்தால் அது வைரஸ் என்று சொல்ல முடியாது. நுரையீரல் இதில் குறிப்பாகத் தொல்லை தரும் உறுப்பு. கசிந்த ரத்தத்தின் இரும்பை விழுங்கிய பெருவிழுங்கிச் செல்கள் தாமாகவே பழுப்பாக இருக்கும். சிவப்பணுக்களின் என்ஸைமும் சாயத்தோடு வினைபுரியும். அதை முதலில் தணிக்காவிட்டால் எங்கு பார்த்தாலும் பாசிட்டிவ்தான். கபோசி சர்கோமா திசு ஒன்றையும், வைரஸ் இல்லாத நுரையீரல் ஒன்றையும் பக்கத்தில் வைத்துச் சாயமேற்றாத எந்த முடிவையும் நம்பக் கூடாது.

மூன்றாவது பி.சி.ஆர்., அதாவது டி.என்.ஏ.-வைப் பல மடங்கு பெருக்கித் தேடுவது. ஒரு மைக்ரோகிராம் மனித டி.என்.ஏ. என்பது சுமார் 1,50,000 செல்களுக்குச் சமம். அதற்குள் வைரஸின் ஒருசில பிரதிகள் இருந்தாலும் பெருக்கிக் காட்டிவிடும். அந்தக் கூர்மையே அதன் ஆபத்தும். ஒப்பீட்டுக்காக ஆய்வகத்தில் வளர்க்கும் லிம்ஃபோமா செல்களில் ஒவ்வொன்றிலும் பல டஜன் வைரஸ் பிரதிகள் இருக்கும். அந்தக் குழாயைத் திறந்த கையுறையோடு நோயாளியின் குழாயைத் தொட்டால் போதும். ஆகவே தண்ணீர் மட்டும் உள்ள குழாய்களை நடுநடுவே வைக்க வேண்டும், டி.என்.ஏ. பிரிக்கும் அறையும் பெருக்கும் அறையும் வேறாக இருக்க வேண்டும். எதிர்த்திசையிலும் தவறு நேரும். ஃபார்மலினில் பல வருடம் கிடந்த திசுவில் டி.என்.ஏ. துண்டு துண்டாகச் சிதைந்திருக்கும். நீளமான பகுதியைத் தேடினால், வைரஸ் இருந்தாலும் தெரியாது. அதனால் 150, 200 எழுத்து நீளமுள்ள சிறு துண்டைத்தான் தேட வேண்டும். அதே குழாயில் மனித மரபணு ஒன்றும் பெருகுகிறதா என்றும் பார்க்க வேண்டும். மனித மரபணுவே பெருகாத குழாயில் 'வைரஸ் இல்லை' என்ற விடைக்கு மதிப்பில்லை.

வேறு நாடுகளின் நோயாளிகள் வேறு மாதிரி என்று ஒரு சமாதானம் சொல்லப்பட்டது. அது சரியாக இருந்தால், ஹெர்பிஸ் 8 மிகுதியாக உள்ள இடங்களில் நுரையீரல் ரத்த அழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும். ஆனால் எச்.ஐ.வி. உள்ளவர்களை எடுத்து, அவர்களுக்குள் ஹெர்பிஸ் 8 இருப்பவரையும் இல்லாதவரையும் ஒப்பிட்டுப் பார்த்தபோதும் அழுத்தத்துக்கும் இந்த வைரஸுக்கும் தொடர்பு தெரியவில்லை. எச்.ஐ.வி.-க்கும் அழுத்தத்துக்கும்தான் தொடர்பு இருந்தது.

உண்மையான காரணம் எப்படி இருக்கும் என்பதற்கு இதே நோயில் ஓர் உதாரணம் உண்டு. 1965 இறுதியில் சுவிட்சர்லாந்து, மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகிய நாடுகளில் அமினோரெக்ஸ் என்ற பசி குறைக்கும் மாத்திரை கடைக்கு வந்தது. ஒன்றிரண்டு ஆண்டில் நுரையீரல் ரத்த அழுத்த நோயாளிகள் திடீரெனப் பெருகினார்கள். 1968-இல் மாத்திரையைத் திரும்பப் பெற்றார்கள். சில ஆண்டுகளில் எண்ணிக்கை பழைய நிலைக்கு இறங்கியது. மூன்று நாடுகளிலும் ஒரே கதை. மருந்து விற்காத நாடுகளில் ஒன்றுமில்லை. அக்காவிடமும் கேளுங்கள்: எடை குறைக்க மாத்திரையோ பொடியோ எப்போதாவது சாப்பிட்டாரா? கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் டப்பாவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

டென்வர் ஆய்வு முழுக்க வீண் என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. பி.எம்.பி.ஆர்.2 என்ற மரபணுவில் ஏற்படும் பழுதுதான் குடும்பத்தில் பரவும் நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கு முக்கியக் காரணம் என்று 2000-இல் தெரியவந்தது. அந்த மரபணு தரும் ஏற்பி (செல்லின் மேல் இருந்து சமிக்ஞை வாங்கும் புரதம்), உட்சுவர்ச் செல்கள் அளவு மீறிப் பெருகாமல் பிடித்து நிறுத்துகிறது. ஹெர்பிஸ் 8-இன் கே5 என்ற புரதம் அந்த ஏற்பிக்குக் குறி போட்டு, செல்லின் குப்பைக் கிடங்குக்கு அனுப்பி அழித்துவிடுகிறது என்று 2010-இல் கேம்பிரிட்ஜ் குழு காட்டியது. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லில் இது உண்மை. ஒரு வைரஸால் முடியும் என்பது வேறு, நோயாளியின் நுரையீரலில் அது அதைச் செய்தது என்பது வேறு. இரண்டாவது நிரூபிக்கப்படவில்லை. இந்த ஏற்பியின் பாதையைச் சமன்செய்யும் சோட்டாடர்செப்ட் என்ற ஊசிக்கு 2024-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடுவது. ஆராய்ச்சியின் நம்பிக்கை இன்று அந்தத் திசையில்தான் இருக்கிறது.

மருந்துக்கு வருவோம். வலசைக்ளோவிர் உடலுக்குள் போய் அசைக்ளோவிராக மாறும். அக்கியின் வைரஸ் பெருகும்போது அதைத் தடுக்கும். உறங்கிக் கிடப்பதை அழிக்காது. ஆறு மாதம் அல்ல, ஆறு வருடம் சாப்பிட்டாலும் வைரஸ் 'போய்விடாது'. ஹெர்பிஸ் 8 மேல் அசைக்ளோவிர் வேலையே செய்வதில்லை. வேலை செய்வது கான்சிக்ளோவிர் வகை. வால்கான்சிக்ளோவிர் 900 மில்லிகிராம் எடுத்தவர்களின் எச்சிலில் ஹெர்பிஸ் 8 வெளிவருவது குறைந்தது என்று 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதுவும் உறங்கும் வைரஸைத் தொடாது, வெள்ளையணுக்களைக் குறைக்கும், கருவைச் சிதைக்கும் தன்மையுள்ளது. நோய்க்குக் காரணம் என்றே நிரூபணமாகாத வைரஸுக்கு இந்த விலை கொடுக்கக் கூடாது.

உங்கள் அக்காவுக்கு இதில் தனி ஆபத்தும் உண்டு. வலப்பக்க இதயம் சோர்ந்து, நீர் மாத்திரையும் எடுப்பவருக்குச் சிறுநீரகத்தின் வழியாக ஓடும் ரத்தம் ஏற்கெனவே குறைவு. வலசைக்ளோவிர் வெளியேறுவது சிறுநீரகம் வழியாகத்தான். தேங்கினால் சிறுநீரகக் குழாய்களில் படிகமாகப் படியும். மூளையில் குழப்பம், பிதற்றல் வரும். மறுபடி அக்கி வந்தால் ஒரு வாரம் எடுப்பதில் தவறில்லை. அப்போதும் சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியாட்டினின் பார்த்து, அளவை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

இப்போது நடக்க வேண்டிய தேடல். எக்கோ சொன்ன 78 ஓர் ஊகம். வால்வில் பின்னோக்கிக் கசியும் ரத்தத்தின் வேகத்தை அளந்து, கணக்குப் போட்டு வருவது. அதுவும் இதயம் சுருங்கும்போது உள்ள உச்ச அழுத்தம். நோயைத் தீர்மானிப்பது சராசரி அழுத்தம். உங்கள் அக்காவுக்கு அது 50-ஐ ஒட்டி இருக்கலாம். ஆரோக்கியமானவருக்கு 14 அளவில் இருக்கும். 20-க்கு மேல் போனால் நோய். இதை நேரடியாக அளக்க வலப்பக்க இதயக் கதீட்டர் பரிசோதனை வேண்டும். கழுத்து அல்லது தொடையில் உள்ள சிரை வழியாக மெல்லிய குழாயை நுரையீரல் தமனி வரை கொண்டுபோய்ச் செய்வது. பயப்பட வேண்டாம்: அனுபவமுள்ள மையங்களில் நடந்த 7,218 பரிசோதனைகளைக் கணக்கெடுத்தபோது தீவிரமான சிக்கல் 1.1 சதவீதம், உயிரிழப்பு 0.055 சதவீதம்.

அந்த ஒரு பரிசோதனை மூன்று கேள்விகளுக்கு விடை தரும். சராசரி அழுத்தம் எவ்வளவு? குழாயின் நுனிப் பலூனை ஊதி அளக்கும் அழுத்தம் 15-க்குள் இருக்கிறதா? அதற்கு மேல் என்றால் கோளாறு இடப்பக்க இதயத்தில். நம் ஊரில் சிறு வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் ஏராளம். அவர்களுக்கு வைத்தியம் வால்வைச் சரிசெய்வது. சில்டெனாஃபில் அங்கே உதவாது. மூன்றாவது, நைட்ரிக் ஆக்சைடு வாயுவை மூச்சில் கொடுத்தால் சராசரி அழுத்தம் குறைந்தது 10 இறங்கி 40 அல்லது அதற்குக் கீழே வருகிறதா, இதயம் வெளியேற்றும் ரத்தம் குறையாமல் இருக்கிறதா? பத்தில் ஒருவருக்கு அப்படி இறங்கும். அந்த அதிர்ஷ்டசாலிகளுக்கு மலிவான ஆம்லோடிபின், நிஃபெடிபின் வகை மாத்திரை பெரிய அளவில் கொடுத்தாலே அவர்களில் பலர் பல வருடம் நன்றாக இருப்பார்கள். சோதிக்காமல் அதைக் கொடுப்பது ஆபத்து. இறங்காதவருக்கு உடல் முழுக்க ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே வினையாகும்.

கதீட்டருக்கு முன்பே செய்ய வேண்டியது வென்டிலேஷன்-பெர்ஃபியூஷன் ஸ்கேன். சுருக்கமாக வி.க்யூ. என்பார்கள். அணுமருத்துவப் பிரிவு உள்ள மருத்துவமனையில் எடுப்பது. பழைய ரத்தக்கட்டிகள் கரையாமல் தமனிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுத்தத்தை ஏற்றியிருந்தால் இது காட்டிக்கொடுக்கும். 'சி.டி. எடுத்துவிட்டோமே' என்பார்கள். 2007-இல் லண்டனில் ஒப்பிட்டுப் பார்த்தபோது வி.க்யூ. இந்த நோயாளிகளில் 97 சதவீதம் பேரைப் பிடித்தது, சி.டி. 51 சதவீதம் பேரைத்தான். சி.டி. கருவிகள் பின்னர் வெகுவாக மேம்பட்டிருக்கின்றன; ஆனாலும் முதல் சல்லடை இன்றும் வி.க்யூ. தான். இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம், நுரையீரல் ரத்த அழுத்தத்தில் அறுவை சிகிச்சையால் ஏறக்குறைய முழுதாகக் குணமாக்கக்கூடிய வகை இது. 36 வயதுப் பெண்ணிடம் இதைத் தவறவிட்டு, ஆயுள் முழுக்க மாத்திரை கொடுப்பதை ஏற்க முடியாது.

ரத்தப் பரிசோதனைகளில் வைரஸ் என்றால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி மூன்றும் கட்டாயம். எச்.ஐ.வி. உள்ள 200 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. தமனிச் சுவருக்குள் அந்த வைரஸே தட்டுப்படாமல் வருகிறது. ஏ.என்.ஏ. என்ற ஆன்டிபாடியைப் பாருங்கள்; உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் ஸ்க்லெரோடெர்மா, லூபஸ் இரண்டும் இந்த வயதுப் பெண்களில் மூச்சுத்திணறலோடு வெளிப்படும். குளிரில் விரல் வெளுத்து நீலமாகிறதா, தோல் இறுகுகிறதா என்று கவனியுங்கள். தைராய்டு, இதயத்தின் சுமையைக் காட்டும் என்.டி.-புரோ பி.என்.பி., இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வேண்டும்; இரும்புச்சத்துக் குறைவு இந்த நோயில் அடிக்கடி இருக்கும், மூச்சையும் மோசமாக்கும். கல்லீரல் ஸ்கேன், நுரையீரல் திறன் சோதனை, மார்பு சி.டி., பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை உண்டா என்று நுரைத்த உப்புநீரைச் செலுத்தி எடுக்கும் எக்கோ. இத்தனையும் வெறுங்கையோடு திரும்பினால் அப்போது 'காரணம் தெரியாத வகை' என்று எழுதலாம்.

ஹெர்பிஸ் 8 பரிசோதனை எப்போது தேவை? கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் நெறி கட்டி வாரக்கணக்கில் நிற்பது, காய்ச்சல் விட்டு விட்டு வருவது, ரத்தசோகையோடு, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. மிக ஏறியிருப்பது ஆகியவை இருந்தால் காசில்மன் நோயை நினைக்க வேண்டும். அப்போது நெறியை முழுதாக எடுத்து லானா சாயம் போட்டுப் பார்ப்பதும், ரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்ப்பதும் பயனுள்ளவை. வைத்தியமும் அதனால் மாறும். கால் மரத்துப்போதல், தோல் கறுத்துப்போதல் சேர்ந்திருந்தால் போயம்ஸ் என்ற கூட்டுநோயையும் தேட வேண்டும். அதில் நுரையீரல் ரத்த அழுத்தம் வரும், மூலநோயைக் குணப்படுத்தினால் இறங்கவும் செய்யும். எச்.ஐ.வி. உள்ளவருக்குத் தோலில் ஊதா நிறத் திட்டு வந்தாலும் கேட்கலாம். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. ஆகவே இப்போதைக்குச் செய்ய வேண்டாம்.

சில்டெனாஃபில் தொடரட்டும். மயக்கம் வந்தவருக்கு ஒற்றை மருந்து போதாது என்பது என் கருத்து. 2015-இல் வெளியான ஆம்பிஷன் என்ற ஆய்வில், இந்த நோய்க்கான ஆம்ப்ரிசென்டானையும், சில்டெனாஃபில் வகையைச் சேர்ந்த டடலாஃபிலையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு, ஒன்றை மட்டும் எடுத்தவர்களைவிட நோய் முற்றும் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கதீட்டர் முடிவு கைக்கு வந்ததும் இரண்டாம் மருந்தைப் பற்றி இந்த நோயைத் தொடர்ந்து பார்க்கும் இதயநோய் அல்லது நுரையீரல் நிபுணரிடம் கேளுங்கள். இரண்டாம் மருந்தாகப் போசென்டான் கொடுத்தால் வழக்கமாக 62.5 மில்லிகிராம் இரு வேளை நான்கு வாரம், பிறகு 125. மாதந்தோறும் கல்லீரல் என்ஸைம் பார்க்க வேண்டும். அது சில்டெனாஃபிலின் அளவை ரத்தத்தில் குறைக்கும். கருத்தடை மாத்திரையையும் செயலிழக்கச் செய்யும். இந்த நோயில் கர்ப்பம் தாயின் உயிருக்கு ஆபத்து என்பதால் காப்பர்-டி போன்ற வேறு வழியை மகப்பேறு மருத்துவரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

சில்டெனாஃபில் சாப்பிடுபவர் நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரையை எடுக்கவே கூடாது. நெஞ்சு அடைக்கிறது என்று அக்கம்பக்கத்தில் யாராவது அன்போடு கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள்; ரத்த அழுத்தம் ஒரேயடியாக விழுந்துவிடும். 'சில்டெனாஃபில் எடுக்கிறார், நைட்ரேட் கொடுக்க வேண்டாம்' என்று ஒரு சீட்டில் எழுதி அவர் பர்ஸில் வையுங்கள். மாத்திரை தீர்ந்துபோய் ஓரிரு நாள் விடுபடும்படி விடாதீர்கள். காலையில் சிறுநீர் கழித்ததும் எடை பாருங்கள். ஒரு நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ வாரத்தில் 2 கிலோவோ ஏறினால் நீர் கோக்கிறது, மருத்துவரைக் கூப்பிடுங்கள். உப்பு எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு தேக்கரண்டி, 5 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் அந்தக் கணக்கை ஒரே வேளையில் தாண்டிவிடும். ஊட்டி, கொடைக்கானல் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். இரண்டும் 2,000 மீட்டருக்கு மேல். ஆக்சிஜன் குறைந்த காற்றில் நுரையீரல் தமனி தானே சுருங்கும். 1,500 மீட்டருக்கு மேல் ஆக்சிஜன் துணையில்லாமல் போக வேண்டாம். குனிந்து துவைப்பது, தண்ணீர்க் குடம் தூக்குவது, மலச்சிக்கலில் முக்குவது ஆகியவை மறுபடி மயக்கத்தைக் கொண்டுவரும். மறுபடி மயங்கினால் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

தொற்று பற்றிக் கேட்டீர்கள். நுரையீரல் ரத்த அழுத்தம் தொற்றாது. குழந்தைகள் அம்மாவோடு ஒரே தட்டில் சாப்பிடலாம், கட்டிப்பிடித்துத் தூங்கலாம். இரண்டு வருடத்துக்கு முன் ஆறிப்போன அக்கியாலும் இப்போது யாருக்கும் ஒன்றும் வராது. குடும்பத்தில் கடத்தப்படக்கூடியது பி.எம்.பி.ஆர்.2 பழுது. வீட்டில் வேறு யாருக்கும் நோய் இல்லாவிட்டாலும், காரணம் தெரியாத வகையினரில் ஐந்தில் ஒருவருக்கு அது இருக்கக்கூடும். மற்ற காரணங்கள் விலகியபின் மரபியல் ஆலோசகரைப் பார்த்து அக்காவின் ரத்தத்தில் இதைச் சோதிக்கலாம். பழுது இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வந்திருக்க ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு. உங்களுக்கும் இருக்கலாம். பழுது வந்தவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை: பெண்களில் 42 சதவீதம், ஆண்களில் 14 சதவீதம் என்பது இதுவரை உள்ள கணக்கு. பழுது உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறை எக்கோ எடுத்துக்கொள்ள வேண்டும். பழுது இல்லை என்று வந்தால் குழந்தைகளுக்கு எந்தப் பரிசோதனையும் வேண்டாம். அக்காவின் முடிவு வரும்வரை, உங்களுக்கோ குழந்தைகளுக்கோ ஓடியாடும்போது வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினாலோ மயக்கம் வந்தாலோ ஓர் எக்கோ மட்டும் எடுத்துப் பாருங்கள்.